கூனிமலையின் மறுபக்கம்

மன்னாரில் மலை இருக்கிறது என்று யாராவது சொன்னால் யோகராசாவுக்குச் சிரிப்புத்தான் வரும். கடல் இருக்கிறது, உப்பு இருக்கிறது, றோட்டை மறித்து நிற்கக் கழுதை இருக்கிறது, காற்று வேண்டிய மட்டும் இருக்கிறது. மலைக்கு எங்கே போவது? அன்று காலை சிலாவத்துறையைத் தாண்டி, தார் றோட்டு முடிந்து, கிரவல் றோட்டும் முடிந்து, றோட்டு என்று சொல்லவே கூசுகிற ஒரு செம்மண் தடத்தில் பட்டா என்கிற தன் சின்ன லொறியை உருட்டிக்கொண்டு போனபோது, காட்டுக்கு மேலே கறுத்த பாறை முதுகு ஒன்று எழும்பி நின்றது. சிரிப்பு அதோடு போயிற்று.

"அதுதான் கூனிமலை," என்றாள் பக்கத்தில் இருந்த பெற்றிசியா.

"அதில ஏறப் போறம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

"ஏறத்தான் போறம்."

யோகராசா தன் வயிற்றை ஒரு முறை குனிந்து பார்த்தான். லொறி ஓட்டியே வளர்த்த வயிறு. பெற்றிசியா பொலிஸில் சார்ஜனாக இருந்தவள். மேலிடத்தோடு முறுகிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு, மன்னார் டவுனில் மீன்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துத் தனியாகத் துப்பறிகிறாள். ஐம்பது வயதிலும் வேலிக் கம்பு மாதிரி நேராக இருப்பாள். அவளுக்கு மலையும் ஒன்றுதான், மாடிப்படியும் ஒன்றுதான். யோகராசா அவளுக்குச் சாரதி, கையாள், வாயாடி எல்லாம்.

விஷயம் இதுதான். பேசாலையைச் சேர்ந்த கிறிஸ்ரி என்கிற இளைஞனுக்கு விசித்திரமான ஒரு பித்து. அப்பன் பாட்டன் எல்லாரும் கடலுக்குப் போக, இவன் மட்டும் ஆள் போகாத மலைகளைத் தேடிப் போவான். றோட்டு எங்கே முடிகிறதோ அங்கே மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, பற்றைகளை வெட்டி விலக்கிக்கொண்டு உச்சிக்குப் போய்வருவான். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கூனிமலைக்குப் போனான். திரும்பவில்லை. அவனோடு கடைசியாகக் காணப்பட்டது மலையடிக் குடியேற்றத்துப் பொடியன் பிரதீபன். 'றோட்டு முடிவுவரைக்கும்தான் கூட்டிப் போனேன், காட்டுக்குள் நான் காலே வைக்கவில்லை' என்று பிரதீபன் சொன்னான். பொலிஸ் நம்பவில்லை. பெறுமதியான கமெரா ஒன்று கிறிஸ்ரியிடம் இருந்தது. பிரதீபனோ ஒன்றும் இல்லாதவன், மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து குடியேறியவர்களின் பிள்ளை. அந்தக் கணக்கு பொலிஸுக்கு ஒரு நிமிஷத்தில் சரிவந்துவிட்டது. மலையில் வைத்துத் தள்ளிவிட்டிருப்பான் என்று பிடித்து மறியலில் போட்டார்கள்.

முந்தின நாள் பிரதீபனின் தாய் பாலம்மா மீன்கடைப் படியேறி வந்து, பெற்றிசியாவின் கதிரையில் உட்காரவும் மாட்டேன் என்று நின்றபடியே அழுதாள். தன் பிள்ளை கோழி அறுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் என்றாள். உண்மையை மட்டும் கண்டுபிடித்துத் தந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றாள். அந்தக் கடைசி வார்த்தை பெற்றிசியாவுக்குப் பிடித்துப்போயிற்று.

குடியேற்றத்தில் பாலம்மா வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். ஒடிசலான, குள்ளமான மனுஷி, தலையில் துண்டு கட்டியிருந்தாள். உள்ளே பாயில் அவளுடைய புருஷன் பெரியசாமி படுத்திருந்தார். பாரிசவாதம் அடித்து இரண்டு வருஷமாக எழும்பாத மனுஷன். வந்தவர்களுக்கு வணக்கம் வைக்க ஒரு கைதான் அவருக்கு உயர்ந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவள்ளித் தோட்டத்தைப் பன்றி கிண்டிப் போட்டிருந்தது. ஒரு கிழங்கு மிச்சமில்லை.

காட்டைப் பற்றி என்ன தெரியும் என்று பெற்றிசியா கேட்டாள். விறகுக்கு ஓரத்தில் போவதோடு சரி, மலைக்கு மறுபக்கம் தான் வாழ்நாளில் போனதில்லை என்று பாலம்மா சொன்னாள். ஆனாலும் கூட வருவேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

தடம் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பாலை மரம். அதன் தாழ்ந்த கிளை முழுக்க இலைக் கொத்துகள் காய்ந்தும் காயாமலும் தொங்கின. அந்தப் பக்கத்தில் காட்டுக்குள் நுழைகிறவன் எவனும் ஐயனாருக்கு ஒரு குழையை முறித்துத் தொங்கவிடாமல் நுழையமாட்டான். வேட்டைக்காரனும் போடுவான், தேன் எடுக்கிறவனும் போடுவான், களவாக மரம் தறிக்கப் போகிறவனும் போடுவான். ஆளுக்கொரு குழை, அவரவர் கையாலேயே போட வேண்டும். யானை மறிக்காமல், கரடி பிறாண்டாமல் ஐயனார் பார்த்துக்கொள்வார்.

பெற்றிசியா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டே ஒரு குழையை முறித்துத் தொங்கவிட்டாள். யோகராசா இரண்டு போட்டான். உடம்புக்கு ஏற்ற மாதிரி என்று காரணம் சொன்னான். பாலம்மாவுக்குக் கிளை எட்டவில்லை. அவள் குழையை அடிமரத்தோடு சேர்த்து வைத்து, ஒரு கொடியை உரித்து முறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி இறுக்கினாள்.

"ஐயனாருக்குச் சீலை கட்டி விடுறியளோ?" என்றான் யோகராசா.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்தில் கூடைக் கயிறு அப்படித்தான் கட்டுவோம், அது காற்றுக்கு விழாது, அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை என்றாள் பாலம்மா. குடியேற்றத்தில் இப்போது வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை என்றும், சும்மா தொங்கப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றும் குறைப்பட்டுக்கொண்டாள்.

பெற்றிசியா அதைக் காதில் வாங்கினாளோ என்னவோ, கிளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோகு, இந்த வாடினதுகளைப் பார். வரிசையா ஒரே அளவில வாடியிருக்கு."

"அது பொலிஸ் போட்டது அக்கா. தேட வந்த ஆக்கள். யானைக்கு முன்னால காக்கிச் சட்டை செல்லாது எண்டு அவையளுக்கும் தெரியும்."

"சரி. அதுக்குப் பக்கத்தில, அதைவிடக் கொஞ்சம் கூடக் காய்ஞ்சு ரெண்டு இருக்கே?"

யோகராசா எட்டிப் பார்த்தான். இரண்டும் ஒரே மரத்துக் குழை, ஒரே அளவில் காய்ந்தவை. பொலிஸுக்கு மூன்று நான்கு நாள் முந்தி, ஒரே நாளில் இரண்டு பேர் போட்டவை. ஒன்று கிறிஸ்ரி போட்டது. மற்றது யாருடையது என்று கேட்க வாயைத் திறந்தவன், பாலம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"உங்கட மகன் காட்டுக்குள்ள போயிருக்கிறான்," என்றாள் பெற்றிசியா. "பொய் சொல்லியிருக்கிறான்."

"எம் புள்ள பொய் சொல்ல மாட்டாங்கம்மா."

"சொல்லியிருக்கிறான் அக்கா. ஏன் சொன்னவன் எண்டுதான் இனிப் பாக்க வேணும்," என்றாள் பெற்றிசியா.

பாலம்மா கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஏற்றம் என்று சொல்வது ஏற்றத்துக்கே அவமானம். வழி என்று ஒன்று இல்லவே இல்லை. சூரைமுள் சட்டையைப் பிடித்தால் விடாது, விடுவித்தால் அடுத்த முள் காற்சட்டையைப் பிடிக்கும். யோகராசா ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு பெயர் வைத்தான், எல்லாம் மன்னார் கந்தோர்களில் அவனுக்குத் தெரிந்த அதிகாரிகளின் பெயர்கள். யானை இலத்தியைக் கண்டபோது ஐயனாருக்கு இரண்டு போட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்றான். பற்றை முடிந்து பாறை தொடங்கியது. பாறை சுட்டது. பாலம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர்க் கதை எல்லாம் சொல்லிக்கொண்டு ஆடுபோல ஏறினாள். யோகராசா நாலு காலில் ஏறினான். அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று மேலே போனதும் சொல்லிவிட்டான்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மேற்கே சிலாவத்துறைக் கடல் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. பொலிஸ் இங்கேயும் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. பெற்றிசியா பாறை வெடிப்புகளுக்குள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுத் துழாவினாள். பாம்பு இருக்கும் என்று யோகராசா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவள் கையில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். பெருவிரல் அளவில் ஒரு சிறிய சங்கு.

"மலையில சங்கு முளைக்குமோ?" என்றான் யோகராசா.

முந்தின நாள் மாலை பேசாலைக்குப் போய்க் கிறிஸ்ரியின் தாய் யசிந்தாவோடு கதைத்தபோது அவள் சொன்ன ஒன்றைப் பெற்றிசியா அப்போதுதான் வெளியே விட்டாள். மகன் ஒவ்வொரு மலைக்கும் போகும்போது கரையிலிருந்து ஒரு சங்கு பொறுக்கிக்கொண்டு போவானாம். உச்சியில் வைத்துவிட்டு வருவானாம். கடல்காரன் வந்து போனதற்கு அடையாளம் வேண்டாமா என்பானாம்.

"அப்ப அவன் உயிரோட மேல வந்திருக்கிறான்," என்றான் யோகராசா. "ஆரும் வழியில தள்ளேல்லை."

"ஓம். இன்னொண்டும் தாய் சொன்னவ. ஏறின பக்கத்தால அவன் எப்பவும் இறங்க மாட்டானாம். வந்த வழியால திரும்பிப் போறதெண்டால் ஏன் வருவான் எண்டு கேப்பானாம்." பெற்றிசியா தெற்குப் பக்கத்துச் சரிவைக் கைகாட்டினாள். "உந்தப் பக்கத்தால இறங்கியிருக்கிறான். பொலிஸ் உதில தேடேல்லை."

அதுவரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பாலம்மா திடீரென்று பேச்சை நிறுத்தினாள். கையிலிருந்த செருப்பு ஒன்று பாறையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"அங்கிட்டுப் போக வேணாங்கம்மா. அங்க எறங்க முடியாது. கரடி இருக்கு."

"மறுபக்கம் போனதே இல்லை எண்டு காலையில சொன்னீங்கள் அக்கா," என்றாள் பெற்றிசியா.

பாலம்மா கடலைப் பார்த்தபடி நின்றாள். முகத்தில் இரத்தம் இல்லை. களைப்பாக இருக்கும் என்று யோகராசா நினைத்தான். தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

அவர்கள் இறங்கினார்கள். ஏறும்போது முன்னால் போனவள் இப்போது பின்னால் வந்தாள். மரத்தைப் பிடித்து நின்று நின்று வந்தாள். அடிவாரத்தில் வற்றிய ஓடை ஒன்றும், அதில் ஒரு மடுவில் மிச்சத் தண்ணீரும் இருந்தன. மடுவுக்குப் பன்றிகள் வந்துபோகிற தடம் பற்றைக்குள்ளால் சுரங்கம் போல வளைந்து போனது. முதலில் மணம்தான் வந்தது. பிறகு காகங்கள். யோகராசாவின் வாயில் அதற்குப் பிறகு ஒரு பகிடியும் வரவில்லை.

தடத்தின் ஓரத்தில் ஆள் நீளத்துக்குக் கற்கள் அடுக்கியிருந்தன. நரி கிளறாதபடி பார்த்துப் பார்த்து அடுக்கிய கற்கள். தலைமாட்டில் இரண்டு தடிகளைக் கொடியால் கட்டிச் செய்த ஒரு சிலுவை நட்டிருந்தது.

பெற்றிசியா முட்டுக்காலிட்டு முதலில் ஜெபித்தாள். பிறகு மூக்கை லேஞ்சித் துணியால் பொத்திக்கொண்டு, தலைமாட்டுக் கல் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கமெரா கூடவே வைக்கப்பட்டிருக்கிறது என்றாள். முகத்தை ஒரு நீலச் சட்டையால் மூடியிருக்கிறது என்றாள். பின்னால் பாலம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சட்டை யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"கொல்லுறவன் சிலுவை நட மாட்டான் அக்கா," என்றான் யோகராசா. "தன்ர சட்டையைக் கழற்றி மூடவும் மாட்டான். கமெராவை விட்டிட்டுப் போகவும் மாட்டான்."

"மாட்டான். உந்த மரத்தைப் பார்."

தடத்துக்குக் குறுக்கே, இரண்டு பக்கத்து மரங்களிலும், முழங்கால் உயரத்தில் அறுந்த கயிற்றுத் துண்டுகள் தொங்கின. யோகராசாவுக்கு விளங்கிவிட்டது. கட்டுத்துவக்கு. பன்றி வருகிற வழியில் மருந்து அடைத்த துவக்குக் குழாயைக் கட்டி, குறுக்கே கயிறு இழுத்து விடுவார்கள். கயிற்றில் எது பட்டாலும் வெடிக்கும். பன்றியா மனிதனா என்று துவக்கு கேட்காது. கிறிஸ்ரி முன்னால் இறங்கி வந்திருக்கிறான். கால் பட்டிருக்கிறது. பிரதீபன் பின்னால் வந்திருக்கிறான். துவக்கை அவிழ்த்து எங்கேயோ எறிந்துவிட்டு, கூட்டாளியை மூடிவிட்டு, வாயையும் மூடிக்கொண்டு மறியலுக்குப் போய்விட்டான்.

"விசர் பொடியன். ஆரோ ஒரு வேட்டைக்காரன் கட்டின துவக்குக்கு இவன் ஏன் கொலைப் பழி சுமக்க வேணும்? சொல்லியிருந்தால் அண்டைக்கே விட்டிருப்பாங்கள்."

"ஆரோ ஒருத்தனுக்காக ஆரும் மறியலில இருக்க மாட்டினம்," என்றாள் பெற்றிசியா.

யோகராசா யோசித்தான். தகப்பனுக்காக இருக்கலாம். ஆனால் பெரியசாமியால் பாயிலிருந்து எழும்பவே முடியாது. அப்படியானால் வேறு யாருக்காக? மறுபக்கத்து மரத்தடிக்குப் போனான். மடுவின் கரையில், தடம் தொடங்குகிற இடத்தில், இளம் வீரை மரம் ஒன்று நின்றது. அதன் அடியில், இடுப்பு உயரத்தில், காய்ந்து சருகான குழை ஒன்று. தொங்கவிடப்பட்டிருக்கவில்லை. முறுக்கிய கொடியால் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிக் கட்டப்பட்டிருந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். பாலம்மா கற்குவியலுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தாங்க," என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். பன்றி தோட்டத்தை அழித்தது. அவர் படுத்த பிறகு வீட்டில் கஞ்சிக்கு அந்த மரவள்ளிதான். புருஷனுடைய பழைய துவக்குக் குழாய் கூரையில் செருகிக் கிடந்தது. குடியேற்றத்துப் பக்கம் கட்டினால் மாடு படும், பிள்ளை குட்டி படும் என்று, மனுஷ வாடையே இல்லாத இடம் தேடி மலையைச் சுற்றி வந்து கட்டினாள். கட்டுவதற்கு முன் ஐயனாருக்குக் குழையும் போட்டாள். அடுத்த நாளே புருஷனுக்கு மூச்சிழுத்து ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டிவந்தது. திரும்பி வந்தபோது மகன் சாப்பிடாமல் இருந்தான். மேலில் சட்டை இல்லை. "அம்மா, மலைக்கு அங்கிட்டு இனிப் போகாத" என்று மட்டும் சொன்னான். யானை நிற்கிறதாக்கும் என்று அவள் நினைத்தாள். அடுத்த நாள் பொலிஸ் வந்தது. கிறிஸ்ரி றோட்டுப் பக்கமாகத்தானே ஏறினான் என்று, அவனுக்கும் இந்தத் துவக்குக்கும் தொடர்பு இருக்கும் என்ற நினைவே அவளுக்கு வரவில்லை. உச்சியில் நின்று பெற்றிசியா கைகாட்டிய போதுதான் வந்தது.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தக் கட்டைப் பாத்ததும் தெரிஞ்சிருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க. ஏம்மா கட்டுனேன்னு ஒரு வார்த்தை கேக்கல."

அவள் அழவில்லை. முந்தின நாள் அவ்வளவு அழுதவள். யோகராசாவுக்குத்தான் கண் கலங்கியது. அவன் பெற்றிசியாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வீரை மரத்தடிக்குப் போய்க் குனிந்தான். இந்தக் குழையையும் கயிற்றுத் துண்டுகளையும் எடுத்து மடுவில் போட்டால், கட்டியவன் முகம் தெரியாத ஒரு வேட்டைக்காரன். தாயும் தப்புவாள், மகனும் தப்புவான். செத்தவன் எப்படியும் எழும்பப் போவதில்லை. அவன் கை குழையில் பட்டது.

"அத எடுக்காதீங்க தம்பி," என்றாள் பாலம்மா. "அது சாமிக்குப் போட்டது."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

பெற்றிசியா கிட்ட வந்து அவளை எழுப்பினாள். பொலிஸுக்குத் தான் கூட வருவதாகவும், வேண்டுமென்று செய்த கொலை இல்லை என்பதைச் சொல்லப் பொருத்தமான சட்டத்தரணி பிடித்துத் தருவதாகவும் சொன்னாள். ஆனால் சிறை கட்டாயம், அதை மறைக்கப் போவதில்லை என்றும் சொன்னாள்.

"வர்றேங்க. மொதல்ல அந்தப் புள்ளையோட அம்மாகிட்டப் போகணும். பொலிஸ்காரங்க வாயால அவங்க இதக் கேக்கக் கூடாது."

தடத்துக்குத் திரும்பி, போனுக்குச் சிக்னல் வந்ததும் பெற்றிசியா சிலாவத்துறைப் பொலிஸுக்கு இடத்தைச் சொன்னாள். ஆளை மாலைக்குள் தானே கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் கத்தக் கத்தப் போனை அணைத்தாள். யோகராசா லொறியைப் பேசாலைக்கு விட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் பாலம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

யசிந்தாவின் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. உள்ளே அயல் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெற்றிசியாவைக் கண்டதும் யசிந்தா எழும்பி ஓடி வந்தாள். செபமாலை கையிலேயே இருந்தது.

"கிடைச்சிட்டானோ?"

பெற்றிசியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டத்தில் எல்லாம் இருந்தது. யசிந்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இருந்தாள். உள்ளே செபம் நின்றது.

பாலம்மா முன்னால் வந்து மண்ணில் முட்டி போட்டாள். தான் பிரதீபனின் தாய் என்றாள். உள்ளேயிருந்து யாரோ சீறினார்கள். அவள் நிறுத்தவில்லை. துவக்கைக் கட்டியது தான் என்று, எங்கே, எதற்கு என்று, ஒன்றும் விடாமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை என்பது யோகராசாவுக்குத் தெரிந்தது.

யசிந்தா பெற்றிசியாவிடம் திரும்பிக் கேட்டாள்.

"கடைசி நேரத்தில என்ர பிள்ளைக்குப் பக்கத்தில ஆரும் இருந்தவையோ?"

"ஓம். அந்தப் பொடியன் இருந்தவன். தன்ர சட்டையாலதான் முகத்தை மூடினவன். தலைமாட்டில சிலுவையும் நட்டிருக்கிறான்."

யசிந்தா கண்ணை மூடினாள். செபமாலை மணிகள் விரலுக்குள் ஒன்றிரண்டு நகர்ந்தன.

"அப்ப அவனை வெளியில எடுங்கோ. இண்டைக்கே எடுங்கோ. நான் வேணுமெண்டால் பொலிசுக்கு வந்து சொல்லுறன்." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இவவை இஞ்ச இருந்து கூட்டிக்கொண்டு போங்கோ. இந்த முகத்தை நான் இனி என்ர சீவியத்தில பாக்கக் கூடாது."

பாலம்மா எழும்பினாள். யோகராசா கை கொடுத்தான். வாசலைத் தாண்டி லொறிக்கு வருகிற வரைக்கும் அவள் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"வெளிய எடுக்கச் சொல்லிட்டாங்க."